பொருள் எண் ஏழு

என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது. 'செயலாளர் அவர்களின் நாற்காலியை அனுமதியின்றி அறையிலிருந்து வெளியே கொண்டுபோய், தகாத இடத்தில், தகாத காரியத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்பதை மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' கீழே செயலாளர் கருத்தக்கண்ணனின் கையெழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் தேர்தல் முடிந்து இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒருவரிடம் விளக்கம் கேட்பது இதுதான் முதல் தடவை. அந்தக் கொடுப்பினை எனக்கு வாய்த்திருக்கிறது.

பதில் எழுத அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள். அரைப் பக்கத்தில் அடங்குகிற விஷயமா இது? அதனால் முதலில் முழுசாக எனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பெயர் முத்துப்பேச்சி. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், நாகலிங்கபுரம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அரசாங்கப் பள்ளி இல்லை. ஊர்க்காரர்கள் கல்விச் சங்கம் என்று ஒன்றை வைத்து நடத்துகிற பள்ளி. சந்தா கட்டும் வீட்டுக்கு ஒரு ஓட்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல். ஜெயிப்பவர் செயலாளர், அவருக்குக் கீழே பன்னிரண்டு கமிட்டி உறுப்பினர்கள். என்னைப் போன்ற டீச்சர்களை வேலைக்கு வைப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பையன்களுக்குக் கழிப்பறை உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. பள்ளியைக் கட்டிய பெரிய மனிதர்கள், பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதுகள் கணக்கைக் கெடுத்துவிட்டுப் பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டன. நூற்றிநாற்பது பேருக்கும் பள்ளிக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டம்தான் கதி. தோட்டக்காரர் நல்லவர், திட்டினாலும் விரட்ட மாட்டார்.

2003 தேர்தலில் இதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கருத்தக்கண்ணனும், அதுவரை செயலாளராக இருந்த ஒச்சாண்டியும் எதிரெதிராக நின்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வாக்குறுதி என்று நோட்டீஸ் அடித்தால் அதில் வடை மடித்துத் தின்பார்கள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். முத்தாலம்மன் சன்னதியில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லில் ஒரு எழுத்துப் பிசகினாலும் குடும்பத்துக்கு ஆகாது. எழுத்துப் பிசகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

கருத்தக்கண்ணன் சூடத்தை ஓங்கி அடித்தார். "பொம்பளப் புள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டி முடிக்கிற வரைக்கும் செயலாளர் நாற்காலியில நான் உக்கார மாட்டேன். இது ஆத்தா மேல சத்தியம்" என்றார். கூட்டம் சிலிர்த்துப்போனது. நானும்தான் சிலிர்த்தேன், பொய் சொல்வானேன். ஒச்சாண்டி அந்த நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவர், அவரால் அப்படி ஒரு சத்தியம் செய்ய முடியவில்லை. தோற்றார்.

அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி தொடங்கிய காலத்தில் யாரோ தானமாகக் கொடுத்த தேக்கு நாற்காலி. முதுகுப் பலகை மட்டும் என் தோள் உயரம், உச்சியில் இரண்டு மயில். நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். கருத்தக்கண்ணன் பதவியேற்ற அன்று அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி, தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

அவருக்கு நிற்பது பெரிய கஷ்டம் இல்லை. சின்னமனூரில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிறார், பொழுதெல்லாம் நின்று ஏலம் கூறிப் பழகிய கால்கள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வந்து, வராந்தாவில், ஆசாரியை வைத்துச் செய்த உயரமான மேஜை முன்னால் நின்று கையெழுத்துப் போடுவார். சிக்கல் அவருக்கு வரவில்லை, மற்றவர்களுக்கு வந்தது. செயலாளர் நிற்கும்போது அவர் முன்னால் யார் உட்காருவார்கள்? எங்கள் ஊரில் அது நடக்காது. தலைமையாசிரியர் சுருளிவேல் நின்றார். பெற்றோர் நின்றார்கள். கமிட்டிக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் நின்றார்கள்.

அறுபது வயசுக்காரர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? கூட்டத்தில் பொருள் எண் ஒன்று கடவுள் வாழ்த்து. இரண்டு, ஊரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. மூன்று, சென்ற கூட்ட நடவடிக்கைகளை வாசித்தல். நான்கு, ஆண்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது. அங்கே வரும்போது ஒருவருக்கு முட்டி வலிக்கும், இன்னொருவர் சுவரில் சாய்வார், மற்றதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கலைந்துவிடுவார்கள். பெண்கள் கழிப்பறை பொருள் எண் ஏழு. இரண்டரை வருடத்தில் யாருடைய காலும் அந்த எண்வரை போய்ச் சேரவில்லை. கழிப்பறைக்காக நின்றார், நின்றதனால் கழிப்பறை வரவில்லை. இதைக் கணக்கு டீச்சர் சொன்னால் யாருக்கும் ஏறவில்லை.

"பொருள் எண் ஏழை எடுத்து முதல்ல வைக்கலாமே சார்" என்று சுருளிவேல் சாரிடம் கேட்டேன். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது.

"என்ன டீச்சர் பேசுறீக. கூட்டத்த எடுத்த எடுப்புல கக்கூஸ்னா ஆரம்பிக்கிறது? மங்கலமா ஒரு காரியம் வேணாமா?" என்றார்.

ஒச்சாண்டி சும்மா இருப்பார் என்று நினைக்காதீர்கள். எதிர்க்கட்சி வேலையை அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். கருத்தக்கண்ணன் எங்கேயாவது உட்கார்கிறாரா என்று பார்க்க ஆள் போட்டார். சலூனில் உட்கார்ந்தார் என்று ஒரு புகார், குமுளி பஸ்ஸில் உட்கார்ந்தார் என்று ஒரு புகார். வருடாந்திரப் பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் இதுதான் விவாதம். அங்கே மட்டும் உறுப்பினர்கள் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளலாம், அதனால் விவாதம் நீண்டது. சத்தியம் அந்த நாற்காலிக்கு மட்டுமா, எல்லா நாற்காலிக்குமா? மேஜைமேல் சாய்ந்தால் அது உட்கார்ந்ததாகுமா? கடைசியில் பஸ் இருக்கை செயலாளர் நாற்காலி ஆகாது என்று கை தூக்கித் தீர்மானித்தார்கள்.

டீச்சர்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை, பின்னால் நிற்கலாம். நான் பின்னாலிருந்து, கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "அதுக்காகத்தானத்தா அந்த மனுசன் நின்னுக்கிட்டு இருக்காக. கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கருத்தக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நடிக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். தான் தியாகம் செய்கிறோம் என்று மனிதர் நிஜமாகவே நம்பினார்.

இனி பாண்டீஸ்வரியைப் பற்றி. பத்தாம் வகுப்பு. அம்மா மொக்கம்மாள் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவள், அப்பா இல்லை. நான் பாடம் எடுத்த பதினோரு வருடத்தில், நான் போட்ட கணக்கில் தப்பு இருக்கிறது என்று எழுந்து சொன்ன ஒரே பிள்ளை. அவள் சொன்னதுதான் சரி. அவளை மேலே படிக்கவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. டிசம்பர் மாதம் பிரார்த்தனையில் நின்றவள் பொத்தென்று விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீர்க்கடுப்பு, காய்ச்சல். டாக்டரம்மா அவளைப் பார்த்து, "தண்ணியே குடிக்க மாட்டியா நீ?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போய்க் குடிப்பேன்" என்றாள். காலை ஆறு மணிக்கு அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லையாம். மூன்று வருடமாகவாம். மற்ற பிள்ளைகளைக் கேட்டேன், பாதிப் பேர் அப்படித்தான். கணக்கு டீச்சர் என்று பெயர், இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

பொங்கல் முடிந்து திரும்பி வந்தால் வாழைத்தோட்டத்தைக் காணோம். தோட்டக்காரர் வாழையை எடுத்துவிட்டுத் திராட்சைக்கு மாறிவிட்டார். வரிசையாகக் கல்தூண், மேலே கம்பி, கீழே வெட்டவெளி. மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பர்கூடத் தெரிந்தது. முதல் நாளே பைக்கில் போன இரண்டு பேர் நிறுத்தி விசில் அடித்தார்கள்.

மறுநாள் மொக்கம்மாள் வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கோவிச்சுக்கிராதீக டீச்சர். வயசுப் புள்ளைய வெட்டவெளியில உக்கார வச்சுப் படிக்க வைக்க முடியுமா? தோட்டத்துலயாச்சும் ஏலச்செடி மறைப்பு இருக்கு. மாசி பொறந்ததும் என்கூடக் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றாள். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மாசி பிறக்க மூன்று வாரம்.

மறைப்புக்கு வழி தேடினேன். பெஞ்சைக் கேட்டேன், இருப்புப் பதிவேட்டில் இருக்கிற சாமான், வெளியே போகக் கூடாது என்றார் சுருளிவேல் சார். மூங்கில் கேட்டேன். மூங்கில் எல்லாம் விழாப் பந்தலுக்குப் போய்விட்டது.

என்ன விழா என்று கேளுங்கள். செயலாளருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. நிற்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். ஜூனில் மறுபடி தேர்தல், நாற்காலியில் உட்காராத மனிதர் எப்படிப் போட்டியிடுவது என்ற கவலை வேறு. கமிட்டி கோயிலில் பூக் கட்டிப் பார்த்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் ஆத்தா உத்தரவு. 'உட்காரலாமா' என்று கேட்டார்கள், வெள்ளை வந்தது. கழிப்பறை கட்டலாமா என்று ஆத்தாளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் செருப்பால் அடித்திருப்பாள். ஆக, மாசி முதல் வெள்ளிக்கிழமை, செயலாளரை நாற்காலியில் அமர்த்தும் விழா. சிறப்பு விருந்தினர் கல்வி அலுவலர், ஒரு பெண்மணி. கிடா விருந்து.

செயலாளர் அறையில்தான் சாக்பீஸ் பெட்டிகள் இருக்கும். அவர் மேஜை வராந்தாவுக்குப் போனபிறகு நாற்காலி அங்கே துண்டு போர்த்திக்கொண்டு தனியாக இருந்தது. நான் சாக்பீஸ் எடுக்கப் போனேன். அந்த முதுகுப் பலகையைப் பார்த்தேன். தோள் உயரம், காற்றுக்கு அசையாத கனம். போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டேன்.

பின்பக்கச் சுவரை ஒட்டி அது நின்றது. ஜன்னல் கம்பியிலிருந்து மயிலின் கழுத்துவரை என் பழைய சேலை ஒன்று, மயிலிலிருந்து மழைத்தண்ணீர்க் குழாய்வரை இன்னொன்று. முக்கோணமாக ஒரு மறைப்பு கிடைத்தது. உள்ளே ஒரு குழி வெட்டி, பக்கத்தில் சாம்பலும் வாளியில் தண்ணீரும் வைத்தோம். இடைவேளைக்கு நாற்காலி வெளியே வரும், மணி அடித்ததும் துடைத்து உள்ளே போகும். செயலாளர் கால்வலியோடு வீட்டில் இருந்தார், சாக்பீஸ் எடுக்கிற டீச்சர்களைத் தவிர அவர் அறைக்குள் போக யாருக்கும் துணிச்சல் இல்லை, டீச்சர்கள் கண்டும் காணாமல் இருந்ததால் மூன்று வாரம் கமிட்டிக்குத் தெரியவில்லை. மொக்கம்மாளைக் கூட்டிவந்து காட்டினேன். சேலையை விலக்கிப் பார்த்தாள், நாற்காலியைத் தட்டிப் பார்த்தாள். "இது இருக்கிற வரைக்கும் வரட்டும்" என்றாள்.

விழா அன்று பெண் பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கே பூத்தட்டோடு வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஒன்பதரைக்குப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. நாற்காலி வெளியே போனது. பத்து மணிக்கு அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார், தேனியிலிருந்து வருகிற வழியில் ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு வந்த களைப்பு. மாலையை வாங்கிக்கொண்டே என் பக்கம் குனிந்து, "டீச்சர், இங்கே பாத்ரூம் எங்கே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வாங்கம்மா" என்று பின்பக்கம் கூட்டிப்போனேன். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு என்ன உண்டோ அதுதான் அவருக்கும். ஒரு நிமிடம் நின்று பார்த்தார், சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பாண்டீஸ்வரி வெளியே காவல் நின்றாள், கையில் பூத்தட்டு.

அதே நேரம் முன்பக்கத்தில் நாற்காலியை மேடைக்குத் தூக்கப் போனவர்கள் வெறும் துண்டோடு திரும்பியிருக்கிறார்கள். நாற்காலி போய்விட்டது என்று கூச்சல். ஒச்சாண்டிதான் திருடிவிட்டார் என்று ஒரு பேச்சு. பட்டு வேட்டியும் மாலையுமாகக் கருத்தக்கண்ணன் நொண்டிக்கொண்டே முன்னால் வர, கமிட்டி பன்னிரண்டும் பின்னால் வர, ஊர்வலம் கிளம்பிவிட்டதென்று நினைத்து மேளக்காரர்களும் வாசித்துக்கொண்டே கூட வந்துவிட்டார்கள்.

சேலைக்கு மேலே மயில் தலை தெரிந்தது.

"ஏத்தா, அத எடு. எவ கொண்டாந்து வச்சா இங்கன?" என்று கருத்தக்கண்ணன் பாய்ந்தார்.

பாண்டீஸ்வரி நகரவில்லை. "அங்கனயே நில்லுங்க. உள்ள ஆள் இருக்காக."

"யாரு இருக்கா?"

"ஆபீசரம்மா."

மேளம் நின்றது. பதின்மூன்று பேரும் சட்டென்று திரும்பி, திராட்சைக் கல்தூண்களைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். இரண்டே முக்கால் வருடத்தில் அந்தக் கமிட்டி ஒரே மனதாகச் செய்த காரியம் அதுதான். ரோட்டில் ஒரு பஸ் வேகம் குறைந்தது, ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

அலுவலர் வெளியே வந்து வாளித் தண்ணீரில் கை கழுவினார். நாற்காலியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "இதுலதான் இன்னைக்கு உட்காரப் போறீங்களா?" என்று கருத்தக்கண்ணனிடம் கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் பாண்டீஸ்வரி அவரைப் பார்த்துக் கேட்டாள். "இத எடுத்துட்டுப் போயிட்டா நாங்க எங்கன போறது?"

அலுவலர் செயலாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுருளிவேல் சார் தரையைப் பார்த்தார். பொதுக்குழுவில் நான் பின்னாலிருந்து கேட்ட கேள்விதான் அது. தூரத்திலிருந்து கேட்டபோது கைதட்டினார்கள், பக்கத்தில் நின்று கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அலுவலர் மேடை ஏறவில்லை, விருந்து சாப்பிடவில்லை. பார்வையாளர் பதிவேட்டை வாங்கி, 'பெண்கள் கழிப்பறை முப்பது நாளில் கட்டி முடிக்கப்படாவிட்டால் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாது' என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினார். அங்கீகாரம் போனால் பள்ளி போகும், பள்ளி போனால் செயலாளர் பதவி ஏது? அடுத்த கமிட்டிக் கூட்டம் கடவுள் வாழ்த்துகூட இல்லாமல் பொருள் எண் ஏழிலிருந்து தொடங்கியது. இருபத்தாறு நாளில் ஆறு கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கதவு, உள்தாழ்ப்பாள். முகப்பில் கல்வெட்டு, அதில் பதின்மூன்று பேரின் பெயரும். என் பெயர் குறிப்பாணையில் மட்டும்தான் இருக்கிறது.

சத்தியம் நிறைவேறிவிட்டது, இனி உட்காரலாம். ஆனால் அந்த நாற்காலியில் அவர் எப்படி உட்காருவார்? பொம்பளைகள் கக்கூஸில் நின்ற நாற்காலி. புதிதாகச் சுழல்நாற்காலி ஒன்று வந்தது, அதில் உட்கார்ந்து முதல் கையெழுத்தாக என் குறிப்பாணையில் போட்டார். 'சொன்னதைச் செய்தவர்' என்று தேர்தல் போஸ்டர் இப்போதே ஒட்டியிருக்கிறார்கள். ஜெயித்துவிடுவார். ஜூனில் எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

தேக்கு நாற்காலியை எரிப்பதா விற்பதா என்று முடிவாகாமல் டீச்சர்கள் அறையில் போட்டிருக்கிறார்கள். யாரும் தொடுவதில்லை. அதில் உட்கார்ந்துதான் இதை யோசிக்கிறேன். நல்ல நாற்காலி, முதுகுக்கு இதமாக இருக்கிறது.

அரைப் பக்கம் தேவைப்படவில்லை. இரண்டு வரி எழுதிவிட்டேன். 'ஐயா, மேற்படி நாற்காலி சும்மா இருந்தபடியால் எடுத்தேன். பத்தாம் வகுப்பு மாணவி பாண்டீஸ்வரி இப்போது காலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.'